மீனுக்குக் குழி பறிக்காத குளம்

சாங்கி விமான நிலையத்தின் 3ஆம் முனையத்தில், விமானம் மாறக் காத்திருப்பவர்கள் தோள்பையை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்க்கும் கோய்க் குளம் ஒன்று இருக்கிறது. சிவப்பும் வெள்ளையும் கறுப்புமாக, முழங்கை நீள மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கரையோரம் திரளும். பிள்ளைகள் நகர மறுப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான், வெளியே சொல்வதில்லை. சிங்கப்பூரில் தரைவீடு வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் மனத்தில் ‘நம் வாசலிலும் இப்படி ஒன்று’ என்ற ஆசையை ஊன்றியதில் இதுபோன்ற பொது இடத்துக் குளங்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் முனையத்துக் குளத்துக்குக் கூரை இருக்கிறது. மழை அதில் விழுவதில்லை. உச்சிவெயில் நேராக இறங்குவதில்லை. இரவில் நீர்நாய் வருவதில்லை. பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதே சாங்கியில், லோயாங்கிலோ பாசிர் ரிஸ் பக்கமோ வீட்டு முற்றத்தில் வெட்டப்படும் குளத்துக்கு இந்த நான்கு வசதியும் கிடையாது. அதனால் முனையத்தில் பார்த்த அழகை அப்படியே வீட்டுக்கு எடுத்துவர நினைப்பவர்கள் முதலில் தோற்பது அளவில்தான்.

வழக்கமாக நடப்பது இது. கார் நிறுத்தும் இடம் போக ஓரமாகக் கொஞ்சம் நிலம் மிஞ்சும். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் தேறும். ‘பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது’ என்று அரை மீட்டர் ஆழத்தோடு நிறுத்திவிடுவார்கள். சுற்றிக் கருங்கல், ஒரு மூங்கில் குழாய், ஒரு சிறு அருவி. மூன்றையும் பெருக்கினால் 2.25 கன மீட்டர், அதாவது 2,250 லிட்டர். அதில் கையளவே இருக்கும் கோய் மீன் பத்து. பார்க்கக் குளம் காலியாகத்தான் தெரியும். இன்னும் பத்து வாங்கலாமே என்றுகூடத் தோன்றும்.

இங்கேதான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். 15 சென்டிமீட்டர் கோய் ஒன்று ஏறத்தாழ 60 கிராம் இருக்கும். நன்றாகத் தீனி கிடைத்தால் சில ஆண்டுகளில் அது 60 சென்டிமீட்டரைத் தொடும். நீளம் நான்கு மடங்கு. எடையோ நான்கு மடங்கல்ல. நீளம், அகலம், தடிமன் மூன்றும் நான்கு மடங்காவதால் 64 மடங்கு. 60 கிராம் மீன் 3.8 கிலோ மீனாகிறது. பத்து மீனும் சேர்ந்து வாங்கிய நாளில் 600 கிராம். வளர்ந்தபின் 38 கிலோ. குளம் மட்டும் அதே 2,250 லிட்டர்.

38 கிலோ மீனுக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு என்று கொண்டாலும் நாளுக்கு 380 கிராம் தீனி. புரதம் மிகுந்த மீன்தீனி ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 30 கிராம் அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறுகிறது. ஆக நாளுக்கு 11 கிராம். இதை 2,250 லிட்டரில் பகிர்ந்தால் ஒரே நாளில் லிட்டருக்கு 5 மில்லிகிராம். வடிகட்டி இரண்டு நாள் படுத்துக்கொண்டால் மீன் மேலே மிதக்கும். இதே பத்து மீன் 12,000 லிட்டரில் இருந்தால் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் அடங்கும். அதுவும் ஆபத்துதான், ஆனால் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு நாளாவது கிடைக்கும். பெரிய குளத்தில் காசு கொடுத்து வாங்குவது உண்மையில் இந்த ஒரு நாளைத்தான்.

கோய் வளர்ப்பவர்கள் ‘ஒரு மீனுக்கு 1,000 லிட்டர்’ என்று சுருக்கமாகச் சொல்வதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுவே. அதை வாய்ப்பாடாக மனப்பாடம் செய்துவிட்டு, குட்டி மீன்தானே என்று பாதியாகக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். குட்டிக்கு அல்ல, அந்தக் குட்டி ஆகப்போகும் மீனுக்குத்தான் அந்த 1,000 லிட்டர். நல்ல கவனிப்பில் கோய் 25, 30 ஆண்டு வாழும். ஜப்பானில் ஹனாக்கோ என்ற மீன் 226 ஆண்டு வாழ்ந்து 1977இல் இறந்தது என்று ஒரு கதை உலகமெங்கும் ஓடுகிறது. செதில் வளையத்தை எண்ணிச் சொன்ன அந்த வயதை நம்பாதவர்களே அதிகம். நமக்கு 25 ஆண்டே போதும். வீட்டில் பிறந்த பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை அதே மீன் அதே தொட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆக, நிலத்தை அளந்துவிட்டு மீனை எண்ணுவது தலைகீழ் வேலை. எத்தனை மீன் என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். பத்து என்றால் 10,000 லிட்டருக்குக் குறையாமல். 4 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் வைத்தால் 12,000 லிட்டர் வரும். அந்த இடம் இல்லையென்றால் மீனைக் குறைக்க வேண்டும். 5,000 லிட்டருக்கும் இடமில்லையென்றால் கோயை மறந்துவிடுவதே மீனுக்குச் செய்யும் நன்மை.

ஆழத்தில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் பேரம் பேசுகிறார்கள். ஜப்பானில் குளம் ஆழமாக இருக்கக் காரணம் குளிர். கோயின் தாயகமான நீகாத்தா மாநிலத்து யாமகோஷி மலைக்கிராமங்களில் குளிர்காலப் பனி ஆளுயரத்துக்கு மேல் குவியும். நெல் விளைவித்த உழவர்கள் உணவுக்காக வளர்த்த கெண்டை மீன்களில் நிறம் மாறிப் பிறந்தவற்றைப் பிரித்தெடுத்து, 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியதே இன்றைய வண்ணக் கோய். 1914இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கே அது அறிமுகமானது. பனிக்காலத்தில் அந்த மீன்கள் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். நீரின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் தீனியே கொடுப்பதில்லை.

சிங்கப்பூரில் ஆழம் வேண்டியிருப்பது வெயிலுக்காக. பகல் வெப்பம் 31, 32 டிகிரி என்று ஆண்டு முழுக்க நிற்கும் ஊரில் அரை மீட்டர் தண்ணீர் பிற்பகலுக்குள் சூடேறிவிடும். சூடான நீரில் உயிர்க்காற்று கரைவது குறைவு. 15 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனோ சூட்டில் வேகமாகச் சுவாசிக்கிறது, அதிகம் தின்கிறது. அம்மோனியாவும் சூட்டோடு கூட்டுச் சேர்கிறது: காரத்தன்மை 8 பிஎச் உள்ள நீரில், 20 டிகிரியில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அம்மோனியா 30 டிகிரியில் நச்சு வடிவத்துக்கு மாறுகிறது. பனிக்கால ஓய்வும் இங்கே இல்லை. மீன் 365 நாளும் தின்று 365 நாளும் கழிக்கிறது. ஆகவே ஜப்பானியக் கையேட்டில் உள்ள வடிகட்டி அளவைப் பார்த்துச் சாங்கியில் கட்டினால் போதாமல்தான் போகும். ஒன்றேகால் மீட்டருக்குக் குறைந்த ஆழம் இங்கே வீண், ஒன்றரை நல்லது. பிள்ளைகள் பற்றிய பயத்துக்கு விடை, ஆழத்தைக் குறைப்பதல்ல. தரைக்கு மேலே 60 சென்டிமீட்டர் சுவர் எழுப்பி, அதன்மேல் கம்பி வலைச்சட்டம் போடுவது. அரை மீட்டர் தண்ணீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்தானதே.

அடுத்தது, வீட்டுக்காரர் கண்ணில் படாத பாதிக் குளம். 12,000 லிட்டர் குளத்துக்கு வடிகட்டித் தொட்டி மட்டுமே 2,500 முதல் 4,000 லிட்டர்வரை வேண்டும். 2 மீட்டருக்கு 1 மீட்டர் நிலம் அதற்கே போய்விடும். தோட்டம் வடிவமைப்பவர் கொண்டுவரும் வரைபடத்தில் இந்தத் தொட்டி ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்குப் போடப்பட்டிருந்தால், அவர் குளம் கட்டுபவர் அல்லர், படம் வரைபவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வடிகட்டி செய்யும் வேலை இரண்டு. குப்பையை நிறுத்துவது ஒன்று. அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிருக்கு வீடு கொடுப்பது இன்னொன்று. குளத்தின் தரை நடுவை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் அடிவடிகால், அதிலிருந்து 110 மில்லிமீட்டர் குழாய். கழிவு தானாக உருண்டு அங்கே வந்து, முதல் அறையில் அடியில் தங்கும். பிறகு தூரிகை வரிசை, அதன்பின் பாய், கடைசியில் பம்ப். மேலே மிதக்கும் இலையையும் எண்ணெய்ப் படலத்தையும் இழுக்கத் தனி வாய். அடிவடிகாலைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்றால் முடியாது. கான்கிரீட் போட்ட பிறகு அதற்காகத் தரையை உடைக்க வேண்டிவரும். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள்; இந்தக் குழாயில் மட்டும் வேண்டாம்.

நுண்ணுயிரில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். கடைசியாக வரும் நைட்ரேட், செடிக்கு உரம்; மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. இந்தக் கூட்டங்களுக்கு ஓடும் நீரும் காற்றும் ஓயாமல் வேண்டும். குளத்து நீர் முழுவதும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியைக் கடக்க வேண்டும்; அதாவது மணிக்கு 8,000 முதல் 12,000 லிட்டர் தள்ளும் பம்ப். மின்கட்டணத்தை நினைத்து இரவில் அதை நிறுத்துபவர்கள் உண்டு. 150 வாட் பம்ப் மாதம் முழுக்க ஓடினால் 108 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் 32 வெள்ளி. இரவில் நிறுத்தி மிச்சம் பிடிப்பது அதில் பாதி. பாசியும் இரவில் உயிர்க்காற்றை இழுக்கிறது என்பதால் மீன் மூச்சுத் திணறுவது விடியற்காலையில்தான். பம்ப் ஓட வேண்டிய நேரமே அதுதான்.

தண்ணீர் விஷயத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஊர்ப் பழக்கத்தில் ஏமாறுவது உண்டு. குழாய் நீரை ஓர் இரவு திறந்துவைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது ஊர்க் கணக்கு. சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் நீரில் இருப்பது குளோரமைன். அது ஓர் இரவில் போகாது. குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்தாக வேண்டும். அதன்பிறகும் கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும், அதை வடிகட்டிதான் தின்ன வேண்டும். வாரம் பத்து விழுக்காடு நீர் மாற்றுவது என்றால் 1,200 லிட்டர், மாதத்துக்கு ஐந்து கன மீட்டர் சொச்சம். 2025 ஏப்ரலுக்குப் பிந்தைய வீட்டுக் கட்டணமான கன மீட்டருக்கு 3.24 வெள்ளி என்ற கணக்கில் சுமார் 17 வெள்ளி. மீன் பிரியர்களுக்கு இது பெரிய தொகை அல்ல.

மழை இலவசம்தானே என்று கேட்கலாம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை. 8 சதுர மீட்டர் பரப்புள்ள நம் குளத்தில் அது கிட்டத்தட்ட 17,000 லிட்டர். குளத்தின் கொள்ளளவைவிட அதிகமான வானநீர் ஒவ்வோர் ஆண்டும் அதில் விழுகிறது. உபரி போக வழி வைக்காவிட்டால் ஒரு நல்ல மழையில் மீன் முற்றத்துக்கு வந்துவிடும். அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தொல்லை, மழைநீரில் சுண்ணாம்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை என்பது. குளத்தின் காரத்தைத் தாங்கிப்பிடிக்கும் சத்து கரைந்து கரைந்து, ஒருநாள் பிஎச் சரேலென்று விழும். வடிகட்டியில் ஒரு சாக்கு சிப்பி ஓடோ பவளத் துண்டோ போட்டு வைப்பது இதற்காகத்தான்.

இனி நீர்நாய்க்கு வருவோம். சிங்கப்பூரில் கோய்க் குளத்தைப் பற்றி எழுதிவிட்டு இதை எழுதாமல் போனால் தீவில் உள்ள குளக்காரர்கள் சிரிப்பார்கள்.

1970களுக்குப் பின் சிங்கப்பூர் ஆறுகளில் இந்த விலங்கைக் காணவில்லை. ஆறுகள் சாக்கடையாகியிருந்தன. துப்புரவுப் பணிகளுக்குப் பிறகு, 1998 வாக்கில் சுங்கை பூலோ பக்கம் ஒரு சோடி வந்து சேர்ந்தது. பீஷான், மரினா, பாசிர் ரிஸ் என்று குடும்பம் குடும்பமாகப் பெருகி, இன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. 2016இல் நாட்டின் 51ஆம் பிறந்தநாளுக்கு அடையாள விலங்காக ஆங்கில நாளிதழ் ஒன்றின் வாசகர்கள் நீர்நாயைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செல்லப்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மீன் வேண்டும். பத்துப் பேர் கொண்ட குடும்பம் என்றால் பத்துக் கிலோ.

2015இல் செந்தோசாத் தீவின் ஒரு சொகுசு விடுதியில் பல்லாயிரம் வெள்ளி மதிப்புள்ள மீன்களை நீர்நாய்கள் தீர்த்துக்கட்டின. 2020இல் கொவிட் முடக்கத்தின்போது தெருக்கள் வெறிச்சோடியதும் அவை கடைத்தெருவரை உலா வந்தன; குளங்கள் காலியாயின. 2022இல் செலிட்டார் குடியிருப்புப் பகுதியில் புகுந்த ஒரு குடும்பத்தைத் தேசியப் பூங்காக் கழகமே வேறிடத்துக்கு மாற்றிவிட்டது. பொறி வைப்பதோ கொல்வதோ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆக, குளக்காரர் கையில் இருப்பது சுவர் ஒன்றுதான்.

இந்த விலங்கு தமிழனுக்குப் புதிதல்ல. வாளை மீனைக் காலை உணவாகப் பெறும் நீர்நாய் குறுந்தொகையில் வருகிறது; காவிரியில் இன்றும் இருக்கிறது. கொக்கு, நாரைக்கும் கதை உண்டு. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாது என்பார்கள். முத்தி கேட்ட நாரை, தன் இனத்தாருக்கு மீன் தின்னும் பாவம் நேராமல் இருக்க இந்தக் குளத்தில் மீன் வேண்டாம் என்று வரம் வாங்கியதாகத் திருவிளையாடல் புராணம். சாங்கிப் பக்கத்து நாரைகளுக்கு அப்படிப்பட்ட வைராக்கியம் எதுவும் இல்லை.

நாரை காலால் நடந்து இறங்கும் பறவை. குளத்துச் சுவர் செங்குத்தாக இருந்து, ஓரத்திலேயே ஆழம் இருந்தால் அதற்கு நிற்க இடமில்லை. ‘இயற்கையாகத் தெரியட்டும்’ என்று கரையைச் சரித்து, கூழாங்கல் பரப்புவது நாரைக்கு இலை போட்டு உட்காரவைப்பதற்குச் சமம். நீர்நாய் வேறு ரகம்: வாயிற்கதவின் அடி இடைவெளியில் நுழையும், வடிகால் வழியே வரும், தாழ்ந்த வேலியைத் தாண்டும். கதவின் கீழ் இடைவெளியை அடைக்க வேண்டும். மழைநீர்க் கால்வாயில் வீட்டுக்குள் திறக்கும் துளைகளுக்குக் கம்பி போட வேண்டும். குளத்தின்மேல் இரவில் பூட்டக்கூடிய உறுதியான வலைச்சட்டம் வேண்டும். குளம் கட்டும்போதே சட்டத்துக்கான கொக்கிகளைச் சுவரில் பதித்துவிட்டால் செலவு குறைவு. அழகு கெடும் என்பவர்களிடம் சொல்ல ஒன்றே உண்டு. 2018இல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த பண்ணை ஒன்றின் பெண் கோய் 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு விலைபோனது. நம் வீட்டு மீன் அந்த விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் காலையில் கரையில் கிடக்கும் பாதி மீனைப் பார்க்கும் பிள்ளைக்கு விலை தெரியாது.

கொசுவைப் பற்றிச் சுருக்கமாக. மீன் ஓடும் குளத்தில் ஏடிஸ் கொசு வளராது. புழுவை மீன் தின்றுவிடும். வளர்வது மீனில்லாத இடங்களில்: நின்றுபோன வடிகட்டி அறை, பயன்படுத்தாத தொட்டி, அலங்காரக் கல்லின் குழி. 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பார்ப்பார்கள். கொசுப் புழு இருந்தால் 200 வெள்ளி அபராதம். வெளியூர் போகும்போது பம்பை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

தீவில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கும் மேல் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில். அவர்களுக்கு இந்தக் குளமெல்லாம் இல்லையா? கோய் இல்லை, உண்மைதான். வீவக வீட்டின் தரை சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும் கணக்கில் கட்டப்படுவது. முழுப் பரப்பிலும் தண்ணீரை நிறுத்தினால் 15 சென்டிமீட்டரிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். தங்கமீன் அவர்களுக்குத் தோதானது. சீனாவில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதர் வளர்ப்பில் பழகிய மீன் அது. உருண்டை உடலும் விசிறி வாலும் கொண்ட வகைக்கு மீனுக்கு 75 லிட்டர் கொடுத்து, நல்ல வடிகட்டி வைத்தால் பத்துப் பதினைந்து ஆண்டு இருக்கும். கண்ணாடிக் கோப்பையில் ஒற்றை மீனை விடுவது மட்டும் வேண்டாம். தரைவீட்டிலும் இடம் 2,000 லிட்டருக்கு மேல் தேறாதென்றால் தங்கமீன் குளமே சரி. அதற்கு 70, 80 சென்டிமீட்டர் ஆழம் போதும். கோயையும் தங்கமீனையும் ஒன்றாக விடாதீர்கள். தீனி முழுவதையும் கோய் அள்ளிக்கொள்ளும்.

மீன் வாங்க சிராங்கூன் நார்த் கடைவரிசை இருக்கிறது. சாங்கிக்காரர்களுக்குப் பாசிர் ரிஸ் பண்ணைகள் அதைவிடப் பக்கம். ஊரில் சென்னை கொளத்தூர் எப்படியோ அப்படி. எங்கே வாங்கினாலும் புதுமீனை நேரே குளத்தில் விடக் கூடாது. மூன்று வாரம் தனித்தொட்டி. கோயைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் ஹெர்பீஸ் நச்சுயிரி 16 முதல் 25 டிகிரிக்குள்தான் கொடூரம் காட்டும்; சிங்கப்பூர்ச் சூட்டில் அது மீனுக்குள் சத்தமின்றி இருந்துவிடக்கூடும். பார்க்க நலமாக இருக்கும் மீன் நோயற்ற மீன் என்று சொல்லிவிட முடியாது. வளர்ந்து பெருத்து இடம் போதாமல் போகும் மீனைப் பிடோக் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். அது சட்டவிரோதம், அங்குள்ள மீனுக்கும் கேடு.

குளம் கட்டி முடிந்ததும் ஒரு மாதம் பொறுக்க வேண்டியிருக்கும். புதுக் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பிஎச் 10க்கு மேல் ஏறும்; நீர்க்காப்புப் பூச்சு அடித்து, நீரை நிரப்பி, ஊறவைத்து, இறக்கி, மறுபடி நிரப்ப வேண்டும். சாங்கிக் கரையோர நிலத்தில் குளத்தை முழுக்கக் காலிசெய்து நாள்கணக்கில் விடுவது நல்லதல்ல. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடங்களில் அது வெறுங்குளத்தைக் கீழிருந்து தள்ளித் தரையைப் பிளந்துவிடும். பொறியாளரிடம் இதை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் பம்பை ஓடவிட்டு, ஏற்கெனவே ஓடும் குளத்தின் வடிகட்டியிலிருந்து ஒரு பழைய பாய்த் துண்டு கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். நுண்ணுயிர் அதோடு வந்துசேரும். விலை மலிந்த மூன்று சின்ன மீனை விட்டு, சோதனைச் சொட்டு மருந்தால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் இரண்டும் சுழியத்துக்கு வரும். மிச்ச ஏழு மீனுக்கு அப்போது கடைக்குப் போகலாம்.